எழுதிக் காத்தோர், பாடிக் காத்தோர், நட்டுக் காத்தோர்

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்த இபன் பதூதா, 21 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி உலகத்தின் பாதியைச் சுற்றியவர். 1340-களில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தபோது அங்கே தங்கியிருந்தார். பிறகு சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்துக்குப் போனார். (சீனாவுக்குள் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு.) 1352-இல் சகாரா பாலைவனத்தைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசை அடைந்தார். அங்கே மன்சா சுலைமான் அவையில் பெருநாளன்று கண்ட ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். இறகு வைத்துத் தைத்த பறவை வேடத்தில் பாடகர்கள் வந்து அரசன் முன் நின்றார்கள். வேடத்தைப் பார்த்து இபன் பதூதாவுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டின் பொருளைக் கேட்டபோது அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். உனக்கு முன் இந்த இருக்கையில் இன்னின்னார் இருந்தார்கள், இன்னின்ன நன்மை செய்தார்கள், நீயும் செய், உனக்குப் பின் உன்னையும் சொல்வார்கள் என்பதே அவர்கள் அரசனிடம் பாடியதன் சாரம்.

அரசனின் முகத்துக்கு நேரே நின்று அவனுடைய முன்னோரைச் சாட்சிக்கு அழைக்கும் இந்தத் தொழில் சீனத்திலும் இருந்தது, தமிழகத்திலும் இருந்தது. சீனத்தில் அது எழுத்தாக வளர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் குரலாக வளர்ந்தது. இன்றைய தருமபுரியான தகடூரும் அதைச் சேர்ந்த நம் பாரமகால் பகுதியும் அதைக் கல்லில் நிறுத்தின. நாகரசம்பட்டியிலிருந்து போச்சம்பள்ளிப் பக்கமோ காவேரிப்பட்டணம் பக்கமோ போகிறவர்கள் வயல்வெளியில் வேடியப்பன் என்று கும்பிடும் நடுகற்களைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கற்களை ஒரு பெரிய உலக மரபின் கிளையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. மூன்று இடத்திலும் நான் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: நினைவைக் காக்கிறவன் யாருக்குக் கட்டுப்பட்டவன்?

சீனத்திலிருந்து தொடங்குவோம். கி.மு. 548-இல் சி நாட்டில் சூய் ஜு என்ற அமைச்சன் தன் அரசனைக் கொல்வித்தான். அவை வரலாற்றாளர் அதை அப்படியே எழுதினார்: இன்னான் தன் அரசனைக் கொன்றான் என்று. அமைச்சன் அவரைக் கொன்றான். தம்பி அந்த வேலைக்கு வந்து அதையே எழுதினான், உயிரை விட்டான். அதற்கடுத்தும் ஒரு சாவு. இன்னொரு தம்பி வந்து அதே வரியை எழுதியபோது அமைச்சன் அவனை விட்டுவிட்டான். தெற்கில் இருந்த வேறொரு வரலாற்றாளர், இவர்கள் எல்லாரும் செத்தார்கள் என்று கேள்விப்பட்டு மூங்கில் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில், எழுதியாகிவிட்டது என்று தெரிந்ததும் திரும்பிப் போனார். ‘ஸோ ஜுவான்’ என்ற பழைய நூல் இதைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. நடந்தது அப்படியேதானா என்பதைவிட, பின்வந்த இரண்டாயிரம் ஆண்டுச் சீன வரலாற்றாளர்கள் இதைத் தங்கள் தொழிலின் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள் என்பது முக்கியம்.

அந்த அளவுகோலைத் தன் உடம்பில் தாங்கியவர் சிமா சியன். ஹான் பேரரசின் அவையில் வானியலும் ஆவணமும் பார்த்த சிமா தானின் மகன். கி.மு. 110-இல் சாகும் தறுவாயில் தந்தை, தான் தொடங்கிய வரலாற்றை நீ முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பதினோரு ஆண்டு கழித்து, போரில் தோற்றுப் பகைவரிடம் சரணடைந்த லி லிங் என்ற தளபதிக்காக அவையில் பரிந்து பேசினார் சிமா சியன். பேரரசர் வூ வெகுண்டார். தண்டனை மரணம். பணம் கட்டினால் தப்பலாம், அவரிடம் பணம் இல்லை, கொடுப்பாரும் இல்லை. மரணத்துக்குப் பதிலாக ஆண்மை நீக்கும் தண்டனையை ஏற்றார். அந்தச் சமூகத்தில் மானமுள்ள ஒருவர் செத்திருப்பார். நூல் பாதியில் நிற்கிறது, அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார்.

அப்படிப் பிறந்த ‘ஷி ஜி’ 130 அத்தியாயம் கொண்டது. அரசர் வரலாறு 12, கால அட்டவணை 10, சடங்கு, இசை, நாட்காட்டி, நீர்வழி போன்ற பொருள்களைப் பற்றிய ஆய்வு 8, பெருங்குடிகளின் வரலாறு 30, தனிமனிதர் வாழ்க்கை 70. இந்தக் கடைசி 70-ஐத்தான் நான் திரும்பத் திரும்ப நினைப்பது. அதில் கொலையாளிகள் இருக்கிறார்கள், வணிகர்கள் இருக்கிறார்கள், அரண்மனைக் கோமாளிகள் இருக்கிறார்கள், சட்டத்துக்கு வெளியே வாழ்ந்த வீரர்கள் இருக்கிறார்கள். தோற்றுப்போன சியாங் யூவுக்கு அரசர் வரிசையிலேயே இடம் கொடுத்தார். அத்தியாயம் முடியும் இடத்தில் தம் கருத்தைத் தனியாக, தம் பதவிப் பெயர் போட்டு எழுதினார். செய்தி எது, என் தீர்ப்பு எது என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும் என்ற ஒழுங்கு அது. நம் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இன்றைக்கும் கைக்கொள்ளாத ஒழுங்கு.

அவருக்குப் பின் வந்தவர்கள் தனித்தனி மரபானார்கள். பான் கூ ஒரே ஒரு அரசமரபின் வரலாற்றை எழுதும் வடிவத்தை நிறுவினார். கி.பி. 92-இல் அவர் சிறையில் இறந்தபோது நூல் முடியவில்லை. தங்கை பான் ஜாவ் முடித்துக் கொடுத்தார். இந்த வடிவமே அரசு வரலாற்றின் வடிவமாகி, 24 வரலாறுகள் என்ற நீண்ட வரிசையாயிற்று. ஒரு மரபு வீழ்ந்தால் அடுத்து வந்த மரபு அதன் வரலாற்றை எழுதிவைக்கும். பகைவனின் வரலாற்றை எழுதுவதை அரசின் கடமையாக வைத்திருந்த நாடு அது.

629-இல் தாங் பேரரசர் தாய்சொங் வரலாற்றுக்கென்றே ஓர் அலுவலகம் அமைத்தார். அங்கிருந்து வேறொரு சிக்கல் தொடங்கியது. அரசரின் அன்றாடச் சொல்லையும் செயலையும் குறிப்பவர்கள் அவர் பக்கத்திலேயே நிற்பார்கள், ஆனால் அந்தக் குறிப்பை அரசர் பார்க்கக் கூடாது. தாய்சொங் பார்க்க விரும்பினார். குறிப்பாளர் பொறுப்பில் இருந்த சூ சுய்லியாங் மறுத்தார். என் குற்றத்தையும் எழுதுவாயா என்று அரசர் கேட்டதற்கு, எழுதுவது என் வேலை என்ற பொருளில் பதில் வந்தது. கொஞ்ச காலத்தில் வேறு அமைச்சர் மூலம் தம் ஆட்சிப் பதிவின் தொகுப்பை வரவழைத்துப் பார்த்தே விட்டார் தாய்சொங். 626-இல் அண்ணனையும் தம்பியையும் கொன்று அரியணை ஏறியவர் அவர். எதைப் பார்க்க விரும்பியிருப்பார் என்று ஊகிக்கக் கடினமில்லை. சீன மரபைப் புகழ்கிறவர்கள் சூ சுய்லியாங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மரபுக்கு நேர்மை செய்வோம்.

அலுவலக வரலாற்றின் நோயை உள்ளேயிருந்தே கண்டு எழுதியவர் லியூ ஜிஜி. 710-இல் அவர் முடித்த ‘ஷி தொங்’ வரலாற்றெழுத்தையே ஆராயும் நூல். குழுவாக எழுதினால் யாரும் பொறுப்பேற்பதில்லை, மேலதிகாரிகள் குறுக்கிடுகிறார்கள் என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். வரலாற்றாளனுக்கு எழுத்தாற்றல், கல்வி, நுண்ணறிவு ஆகிய மூன்றும் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு ஜாங் சுவெசெங் நான்காவதாக நெஞ்சின் நேர்மையைச் சேர்த்தார். இவர்களுக்கு நடுவே 1084-இல் சிமா குவாங் 19 ஆண்டு உழைத்து, கி.மு. 403 முதல் கி.பி. 959 வரையான வரலாற்றை 294 பகுதிகளாகக் கொடுத்தார். கூடவே 30 பகுதி கொண்ட தனி நூல் ஒன்றும் கொடுத்தார். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஆதாரங்கள் எங்கே முரண்படுகின்றன, தாம் எதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று அதில் விளக்கினார். பெரிய நூலைவிட இந்தத் துணைநூலே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மாவட்ட வரலாறுகள் என்ற கிளையும் உண்டு. ஒரு வட்டத்தின் ஆறு, வயல், வரி, பஞ்சம், வெள்ளம், கற்றோர், கோயில் எல்லாவற்றையும் உள்ளூர் அறிஞர்கள் தொகுத்து, சில தலைமுறைக்கு ஒரு முறை திருத்தி எழுதினார்கள். இப்படி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. நம் பகுதிக்கு அப்படி எழுதப்பட்டவை 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியரும். 1792-இல் பாரமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் சேர்த்த நிலவரிப் பதிவுகள் அவற்றுக்கு முன்னோடி. எழுதியவர்கள் ஆட்சியாளர்கள், எழுதியது வரி வாங்க. நாமே நம் வட்டத்துக்கு எழுதிக்கொண்ட நூல் என்று அந்த வரிசையில் வைக்க எதுவும் அப்போது இல்லை.

எழுத்து அழிந்தபோது சீனத்திலும் குரல் கைகொடுத்தது. கி.மு. 213-இல் சின் பேரரசர் நூல்களை எரிக்க ஆணையிட்ட பிறகு, ‘ஆவண நூல்’ எனப்படும் பழைய தொகுப்பை ஃபூ ஷெங் என்ற முதியவர் சுவருக்குள் ஒளித்துவைத்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய அவர் அரசு அனுப்பிய மாணவருக்கு அதைக் கற்பித்தார் என்றும், பேச்சு விளங்காத இடத்தில் மகள் எடுத்துச் சொன்னாள் என்றும் மரபு சொல்கிறது.

தெருவில் கதை சொல்வோரின் மரபும் தனியாக ஓடியது. சொங் காலத்துக் கைஃபெங் நகரச் சந்தைகளில் மூன்று நாடுகளின் போர்க்கதையை மட்டுமே சொல்லும் தேர்ச்சியாளர்கள் இருந்தார்கள். கவிஞர் சூ ஷி ஒரு செய்தி குறித்திருக்கிறார்: காசு கொடுத்துக் கதை கேட்க அனுப்பிய தெருப் பிள்ளைகள், அந்தக் கதையில் லியூ பெய் தோற்றான் என்றால் முகம் வாடுவார்கள், அவனுடைய எதிரி சாவ் சாவ் தோற்றான் என்றால் ஆரவாரம் செய்வார்கள். அரசு வரலாறு சாவ் சாவுக்குத் தந்த மதிப்பைத் தெரு ஏற்கவில்லை. யாங்சௌ நகரத்தில் இந்தக் கலை இருபதாம் நூற்றாண்டு வரை குடும்பப் பாணிகளாக நின்றது. வாங் ஷாவ்தாங் (1889–1968) சொன்ன வூ சுங் கதை 1959-இல் அச்சேறியது. அந்தப் பாணியை மகனும் பேத்தியும் தொடர்ந்தார்கள். ஒரு கைவீச்சு, ஒரு விழியசைவு, எங்கே குரலை நிறுத்துவது என்பதுவரை தலைமுறை வழியே வந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு எழுத்து தெரியாது என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். தவறு. திம்புக்துவில் அரபு எழுத்தில் எண்ணற்ற சுவடிகள் உண்டு. அஸ்-ஸஅதி 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘தாரீக் அஸ்-சூதான்’ சொங்காய் பேரரசின் முறையான வரலாறு. எழுத்து இருந்தும் குரலையே உயர்ந்ததாக வைத்திருந்தார்கள் என்பதே அங்குள்ள சிறப்பு.

மாண்டே மக்களின் ‘ஜெலி’ பிறப்பால் அந்தத் தொழிலுக்கு உரியவர். பிரெஞ்சுக்காரர் வழியாகக் ‘கிரியோ’ என்ற பெயர் உலகம் அறிந்ததாயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாதா கெய்தாவின் கதை அவர்களின் பெருங்காப்பியம். சுமார் 1235-இல் கிரினாப் போரில் சுமாங்குரு காந்தேயைச் சுந்தியாதா வென்றான். அவனுடைய பாடகர் பல்லா ஃபசேகே குயாதே. சுமாங்குருவின் பலஃபோன் என்று நம்பப்படும் மரக்கட்டை இசைக்கருவி கினி நாட்டின் நியாகசோலா ஊரில் குயாதே குடும்பத்தின் காவலில் இன்றும் இருக்கிறது. அதைக் காப்பதற்கென்றே அக்குடும்பத்தில் ஒரு மூத்தவர் பொறுப்பேற்கிறார். யுனெஸ்கோ 2001-இல் அதைச் சிறப்பித்தது. தோற்றவனின் கருவியை வென்றவனின் பாடகர் குடும்பம் எண்ணூறு ஆண்டாகக் காக்கிறது. சியாங் யூவுக்கு அரசர் வரிசையில் இடம் தந்த சிமா சியனை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஜெலிகளிலும் பாணிகள் உண்டு. மாலியின் கேலா ஊரில் ஜபாதே குடும்பம் இருக்கிறது. பக்கத்துக் கங்காபாவில் கமாபுலோன் என்ற புனித வீட்டுக்கு ஏழாண்டுக்கு ஒரு முறை கூரை மாற்றும் விழா நடக்கும். அப்போது கேலாவின் ஜெலிகள் உள்ளே இரவில் வரலாற்றை ஓதுவார்கள். பதிவு செய்ய அனுமதி இல்லை, கேட்கவும் எல்லாருக்கும் இடமில்லை. கிரினா ஊரைச் சேர்ந்த வா கமிசோகோவோ 1975, 1976-இல் பாமகோவில் ஆய்வாளர்கள் கூடிய அரங்கில் உட்கார்ந்து அவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கினியின் எழுத்தாளர் ஜிப்ரில் தாம்சிர் நியான் 1960-இல் வெளியிட்ட சுந்தியாதா நூல், மமது குயாதே என்ற ஜெலி சொன்னதைக் கேட்டு எழுதியது. மூடி வைத்தல், விவாதத்துக்குத் திறந்து வைத்தல், அச்சில் இடுதல் என்று மூன்று பாதையும் ஒரே மரபுக்குள் நடக்கின்றன.

இவர்கள் சொல்வதெல்லாம் உண்மையா? மாலியின் அறிஞர் அமது ஹம்பாதே பா இதற்குத் தெளிவான விடை தந்திருக்கிறார். கிரியோவுக்குக் கூட்டிச் சொல்லவும் அலங்கரிக்கவும் சமூகம் உரிமை கொடுத்திருக்கிறது. அவரிலிருந்து வேறானவர் ‘தோமா’ எனப்படும் அறிவோர். தோமாவுக்குப் பொய் விலக்கப்பட்டது. யாரிடம் கேட்டேன், அவர் யாரிடம் கேட்டார் என்ற வரிசையோடு சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் கிரியோவின் புகழுரையை வரலாறு என்று எடுப்பவரும், கிரியோ மிகைப்படுத்தினார் என்பதற்காக வாய்மொழி முழுவதையும் தள்ளுபவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

ஜெலி சொல்லும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு தொடருக்கும் ‘நாமு’ என்று சொல்வார். வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுவதைக் கேட்டவர்களுக்கு அது புதிதாக இருக்காது. அந்த ‘நாமு’ தாளத்துக்காக மட்டும் இல்லை. கதை தெரிந்த ஊரார் சுற்றி இருக்கிறார்கள், ஒரு வம்சத்தின் பெயரை விட்டால் அந்தக் குடும்பத்தார் எழுந்து கேட்பார்கள். எழுதிய சீனர் வருங்காலத்துக்குக் கட்டுப்பட்டார், பாடிய ஜெலி முன்னால் இருக்கும் காதுகளுக்குக் கட்டுப்பட்டார். இதில் வலுவும் உண்டு, பலவீனமும் உண்டு. கேட்பவரின் முன்னோர் கோழை என்றால் அதை அவர் முன்னே பாடுவது கடினம். கேட்பவர்களின் தேவைக்கேற்ப மரபு மாறவும் செய்யும். சுந்தியாதா வகுத்ததாகச் சொல்லப்படும் குருக்கான் ஃபூகா சாசனத்தின் 44 விதிகள் 1998-இல் கங்கான் நகரில் கூடியவர்கள் தொகுத்து வடிவமைத்தவை. அதிலுள்ள கருத்துகள் பழையவை, எண்ணும் வரிசையும் புதியவை என்றே நான் கொள்கிறேன்.

வட கானாவின் தக்பொன் நாட்டில் ‘லுன்சி’ எனப்படும் பறையாளர்கள் இடுப்புச் சிறுத்த பேசும் முழவில் அரச வரலாற்றை இரவு முழுவதும் முழக்கிச் சொல்கிறார்கள். நம் உடுக்கையைப் பெரிதாக்கியது போன்ற கருவி. அவர்கள் தங்களை அரசகுமாரன் பிசுங்கின் வழியினர் என்கிறார்கள், அதனால் அவர்களுக்கு மதிப்பு. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மாண்டே நாட்டில் ஜெலிகள் கொல்லர், தோல் தொழிலாளர்போல் தனிக்குலம், பிற குலத்தார் மணவுறவு கொள்வதில்லை. செனகலின் செரேர் மக்கள் ஒரு காலத்தில் கிரியோக்களை மண்ணில் புதைக்க விடாமல் பாவோபாப் மரப்பொந்துகளில் வைத்தார்கள். ஊரின் புகழை எல்லாம் சுமந்தவனுக்கு ஊர் மண் இல்லை. இதைப் படிக்கும் தமிழர் நம் பாணரை நினைக்காமல் இருக்க முடியாது. சங்க காலத்தில் அரசனோடு உண்டு பரிசில் பெற்ற பாணர் குடி, சம்பந்தர் காலத்தில் கோயில் வாசலுக்கு வெளியே நின்றது. திருநீலகண்ட யாழ்ப்பாணரை மதுரைக் கோயிலுக்குள் அழைக்க இறைவனே கட்டளையிட வேண்டியிருந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. நம் மரபைப் பெருமையாகப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

பாணர் மரபின் தலைநகரங்களில் ஒன்று தகடூர், இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையும் அங்கே வாழ்ந்தார்கள். அதியமான் பெயர் பொறித்த தமிழ்-பிராமிக் கல்வெட்டு 1981-இல் ஜம்பையில் வெளிப்பட்டபோது, பாட்டில் கேட்ட பெயர் கல்லிலும் நின்றது. அதியனுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது போனார் என்று புறநானூறு காட்டுகிறது. போர் மூளும் இடத்தில் இரு தரப்புக்கும் நடுவே போய்ப் பேசும் உரிமை ஜெலிக்கும் உண்டு. பாடுகிறவர் தூதராவது தற்செயல் இல்லை. இரு பக்கத்தின் முன்னோரையும் அறிந்தவர் அவர் ஒருவரே. தகடூரின் வீழ்ச்சியைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மட்டும் தொகைநூல்கள் வழியாகத் தப்பின. சொந்த மண்ணின் காப்பியத்தை இழந்த மாவட்டங்கள் நம்முடையவை.

நமக்கு எஞ்சியவை கற்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்கு முறை வகுக்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பது, நாள் பார்த்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. அதே படிநிலைகளின் பெயர்களைத்தான் கண்ணகிக்குக் கல் எடுத்தபோது சிலப்பதிகாரம் தன் காதைகளுக்கு வைத்தது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்கள் இந்த வழக்கத்தின் பழமையைக் காட்டின. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பல்லவர் காலம் தொட்டு வட்டெழுத்தில் பொறித்த கற்கள் கூட்டமாகக் கிடைக்கின்றன. ஓசூர்ப் பக்கம் போகப் போகக் கன்னட எழுத்து வரும், கங்கர், நுளம்பர், ஒய்சளர் பெயர்கள் வரும். இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972-இல் வந்தபின்தான் இவற்றை வரலாற்று ஆவணமாகப் பலர் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு கல்லில் என்ன இருக்கும்? இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்ன தலைவனுக்கு உரிய இன்னான், தொறு மீட்டுப் பட்டான். அல்லது புலி குத்திப் பட்டான். அவ்வளவுதான். சீன அரசு வரலாற்றில் பேரரசன் முதல் அத்தியாயம். கிரியோவின் பாட்டில் புரவலன் நாயகன். நம் நடுகல்லில் அரசன் பெயர் காலம் சொல்ல வருகிறது. கல் எழுந்தது மாட்டை மீட்கப் போன ஊர்க்காரனுக்காக. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல்லில், இறந்துபட்ட கருந்தேவக்கத்திக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயரோடு எழுதிவைத்தார்கள். உலகின் பெரிய வரலாற்று மரபுகளுக்குப் பக்கத்தில் இந்த ஒரு கல்லைத் தயங்காமல் வைப்பேன்.

குறையும் உண்டு. கல் ஒரு நாளைத்தான் சொல்கிறது. ஏன் மாடு கவர்ந்தார்கள், பிறகு என்ன ஆயிற்று, மறுபக்கத்தில் யார் செத்தார்கள் என்று சொல்வதில்லை. அந்த இடத்தைத்தான் கூத்தும் பாரதப் பிரசங்கமும் நிரப்பின. நம் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பேருருவம் தரையில் கிடக்க, அவனுக்காக ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த மண்ணை எடுத்துப் போய் வயலிலும் குதிரிலும் போடுகிறார்கள். தோற்றவனின் மண் விளைச்சல் தரும் என்ற நம்பிக்கை நியாகசோலாவின் பலஃபோன் காவலருக்கு நன்றாகவே விளங்கும்.

தமிழ் வாசகர் இந்த மரபுகளுக்குள் நுழைய வழி இருக்கிறது. சீனத்தின் பழைய கவித்தொகையிலிருந்து நேரடியாகச் சீன மொழிவழி பயணி தமிழாக்கிய ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ இருக்கிறது. நைஜீரியாவின் சினுவா ஆச்சிபி 1958-இல் எழுதிய நாவல் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்று கிடைக்கிறது. ‘ஷி ஜி’யின் தனிமனிதர் பகுதியிலிருந்து ஒரு நல்ல தேர்வும், ஒரு ஜெலியின் முழுச் சுந்தியாதாவும் தமிழில் வர வேண்டும்.

நம் வட்டாரம் வேகமாக மாறுகிறது. ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரை தொழிற்பேட்டை வளர்கிறது, கிரானைட் வெட்டுகிறார்கள், சாலை அகலமாகிறது, பிற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நம்மோடு குடியிருக்கிறார்கள். இதில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. நம் கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் உருவான மாவட்டம். கல் எந்த வயலில் நிற்கிறது என்று ஊருக்கு ஊர் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மேல்நிலை மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. உங்கள் ஊரில் நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடம், அளவு, உருவம், எழுத்து உண்டா இல்லையா, ஒரு நல்ல புகைப்படம். கல்லைப் பற்றி ஊரார் சொல்லும் கதையைச் சொன்னவர் பெயரோடு, அவர் யாரிடம் கேட்டார் என்பதோடு எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், எது சரி என்ற உங்கள் கருத்தைத் தனியாகக் கீழே எழுதுங்கள். எண்ணெய் பூசிய கல்லைச் சுரண்ட வேண்டாம், எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், கும்பிடுகிறவர்களிடம் கேட்காமல் தொட வேண்டாம். எழுத்துள்ள கல்லைக் கண்டால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.